பதினைந்து கிலோ வேட்டைநாய்

பாரிஸில், எங்கள் ஆட்கள் நிறைந்த லா சப்பலில் கடை வைத்திருப்பவனுக்கு ஊரிலுள்ள எல்லோருடைய கதையும் தெரிந்திருக்கும். அரிசி வாங்க வருகிறவர் அரிசியை மட்டும் வாங்கிக்கொண்டு போவதில்லை. மகளின் கலியாணம், தம்பியின் விசா, மருமகனின் குடி எல்லாவற்றையும் என் மேசையில் இறக்கி வைத்துவிட்டுத்தான் போவார். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. அப்படிப்பட்ட என்னையே வாயடைக்க வைத்த ஒரு பெண்ணைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். பெயர் கோசலை. பாரிஸில் இருக்கும் எங்கள் ஆட்களுக்குள், முறைப்படி சோதனை எழுதி, நாய் வளர்த்து, ஞாயிற்றுக்கிழமைகளில் பறவை வேட்டைக்குப் போகிற ஒரே பெண் எனக்குத் தெரிந்து அவள்தான். வேறு யாராவது இருந்தால் கடைக்கு வந்து சொல்லட்டும், தேத்தண்ணி என் செலவு.

2011இல் மகள் கஜந்தினியோடு வந்து சேர்ந்தாள். பிள்ளைக்கு அப்போது ஏழு வயது. வன்னியில் ஒட்டுசுட்டான் பக்கத்து ஆள். கணவர் 2009 யுத்தத்தின் கடைசி மாதங்களில் செத்துப்போனார். மார்க்ஸ் டோர்மோய் தெருவில் ஐந்தாம் மாடியில், லிஃப்ட் இல்லாத கட்டடத்தில், ஒரு அறையும் ஒரு குசினியும். எங்கள் தெருவுக்குப் பின்னாலிருக்கும் சந்தையில் ஒரு வெள்ளைக்காரரின் கோழிக்கடையில் இறகு பிடுங்கும் வேலை. கோழி, தாரா, காடை, இலையுதிர் காலம் வந்தால் கௌதாரியும் நீண்ட வாலுள்ள ஃபெசானும் இறகோடு வந்து தொங்கும்.

அந்தப் பறவைகளைக் கொண்டுவருகிறவர் லூசியன் என்ற கிழவர். பாரிசுக்கு வடக்கே, பிக்கார்டியில், சொம் ஆற்றுப் பக்கம் ஒரு கிராமத்தில் பண்ணை வைத்திருப்பவர், வேட்டைப் பைத்தியம். ஒருநாள் அவர் பெட்டியை இறக்கியபோது, கோசலை ஒரு கௌதாரியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, இதைக் கவ்விக்கொண்டு வந்த நாய் எங்கே என்று கேட்டிருக்கிறாள். அவளுடைய பிரெஞ்சு அப்போது நொண்டிக்கொண்டிருந்த காலம். லூசியன் தன் வான் வண்டியின் பின்கதவைத் திறந்து நாயைக் காட்டினார். அவள் வானின் விளிம்பில் உட்கார்ந்து நாயின் காதைத் தடவியபடி இருந்துவிட்டாள். முதலாளி இரண்டு தடவை கத்திய பிறகுதான் உள்ளே போனாளாம். அடுத்த ஞாயிறு வேட்டையைப் பார்க்க வா என்று கிழவர் கூப்பிட்டார். காலை ரயிலில் போய்விட்டாள்.

வன்னியில் பெண்கள் வேட்டைக்குப் போகும் வழக்கம் இல்லை. அவள் போனவள். கணவரோடும் நாயோடும் காட்டுக்குள் இறங்கி முயலும் உடும்பும் காட்டுக்கோழியும் கொண்டுவந்தவள். அதை ஒரு பெருமையாகவும் சொல்லமாட்டாள், ஒளிக்கவும் மாட்டாள். கறிக்கு என்ன வழி என்று நான் கேட்டால், அது ஓடிக்கொண்டிருந்தது அண்ணை, நாங்கள் பின்னால் ஓடினோம் என்பாள். பெருமூச்சு விட்டு ஊர் ஊர் என்று புலம்பும் கோஷ்டியை எனக்குக் கண்ணில் காட்டக்கூடாது. கோசலை அந்தக் கோஷ்டியில் சேரவில்லை, அதனாலேயே எனக்கு அவளைப் பிடித்தது.

பிறகு துவக்குக்கான சோதனை. கேள்விகள் எல்லாம் பிரெஞ்சில். எந்தப் பறவையைச் சுடலாம், எதைச் சுடக்கூடாது, எந்தத் திசையில் குழலைத் திருப்பினால் அந்த இடத்திலேயே தோல்வி. கஜந்தினி பள்ளிக்கூடம் விட்டு வந்து என் கடை மேசையில் உட்கார்ந்து கேள்வியை வாசிப்பாள். தாய் வெங்காய மூட்டைகளுக்கு நடுவே நின்று பதில் சொல்லுவாள். கடைக்கு வந்தவர்களும் சும்மா இருக்கவில்லை. பக்கத்தில் தொலைபேசிக் கடை வைத்திருக்கும் ஐங்கரன், இவ்வளவு சாவைப் பார்த்த பெண்ணுக்குத் திரும்பவும் துவக்கா என்று நாக்கூசாமல் கேட்டான். அவள் கோபிக்கவில்லை. அது வேறை, இது வேறை தம்பி என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனாள். முதல் தடவை செய்முறையில் தோற்றாள். இரண்டாம் தடவை வென்றாள். எப்படி என்று கேட்டதற்கு, அவர்கள் சுடத் தெரிகிறதா என்று பார்க்கவில்லை, சுடாமல் இருக்கத் தெரிகிறதா என்றுதான் பார்த்தார்கள், அது எனக்கு நன்றாகவே தெரியும் என்றாள். துவக்கைப் பாரிசுக்குக் கொண்டுவரவில்லை. அது லூசியன் வீட்டு இரும்பு அலுமாரியில் பூட்டிக் கிடக்கிறது.

லைசென்ஸ் வந்ததும் நாய்ப் பிரச்சினை தொடங்கியது. அது 2015. லூசியனின் பெண்நாய் குட்டி போட்டிருந்தது. ஜெர்மன் இனம், வளர்ந்தால் இடுப்புயரம் நிற்கும், பெரிய வயல்களை அரை நாளில் அளந்துவிடும், பனித்தண்ணீரிலும் பாயும். அதில் ஒன்றை உனக்கென்று வைத்திருக்கிறேன் என்றார் கிழவர். கோசலை யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டாள். செய்தி கடைக்கு வந்தது, கடைக்கு வந்தால் தெருவுக்கே வந்தமாதிரி. ஆளாளுக்கு அபிப்பிராயம் சொன்னார்கள். நாய் என்றால் பார்த்தவன் ஒதுங்கிப் போகவேண்டும் என்றான் ஐங்கரன். நானும் பெரிய நாய்க் கட்சிதான். வேட்டைக்குப் போகிற நாய் வேட்டைநாய் மாதிரி இருக்கவேண்டாமா?

ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் கோசலை கடைக்குள் வந்தாள். நேராகப் போய் இருபது கிலோ சம்பா அரிசி மூட்டை ஒன்றைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தாள். நான் கத்தினேன். அவள் திரும்பியும் பார்க்கவில்லை. மெட்ரோ வாசல்வரை போனாள், திரும்பினாள், மூச்சு வாங்கியது, ஓடிப் பார்த்தாள், முடியவில்லை. மூட்டையை இறக்கிவைத்து, இது சரிவராது என்று தனக்குள்ளே சொன்னாள். பிறகு பத்துக் கிலோ மூட்டையையும் ஐந்து கிலோ மூட்டையையும் என்னுடைய சணல் கயிற்றாலேயே ஒன்றாகக் கட்டித் தோளில் போட்டாள். இந்த முறை ஓடினாள். பஸ்ஸுக்கு நின்றவர்கள் விலகி வழிவிட்டார்கள். திரும்பி வந்து மூட்டையை மேசையில் வைத்தபோது முகத்தில் ஒரு சந்தோசம்.

"என்ன பிள்ளை, விசரே உமக்கு?" என்று கேட்டேன்.

"நாய் பாக்கிறன் குணண்ணை. எனக்குத் தூக்கிக்கொண்டு ஓடக்கூடிய நாய் வேணும். பதினைஞ்சு கிலோ சரி."

நாய் நடக்கும், அதற்கு நாலு கால் இருக்கிறது, எதற்குத் தூக்கவேண்டும் என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அரிசி மூட்டையின் கட்டை அவிழ்த்துக்கொண்டே, யாருடைய முகத்தையும் பார்க்காமல் சொன்னாள்.

"கடைசிச் சண்டையிலை நந்திக்கடல் தண்ணியைக் கடக்கேக்கை எங்கடை நாய்க்குக் காலிலை காயம், நீந்த ஏலாது. ஒரு தோளிலை பிள்ளை இருந்தவள். மற்றத் தோளிலை நாயைப் போட்டுப் பாத்தன். முப்பது கிலோ அண்ணை. ரெண்டு எட்டு வைச்சு விழுந்திட்டன். பிறகு நாயை இறக்கிவிட்டிட்டு வந்தனான். அது கரையிலை நிண்டு பாத்துக்கொண்டிருந்தது. குலைக்கேல்லை. இனி ஒரு நாயை விட்டிட்டு வரமாட்டன்."

நான் மேசையின் மறுமுனையைப் பார்த்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்திருந்த கஜந்தினி கொப்பியை மூடிவைத்துவிட்டுத் தாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினொரு வயதுப் பிள்ளை. அந்தத் தோளில் இருந்தது தான்தான் என்று அவளுக்குக் கணக்குப் போடத் தெரியாதா என்ன. அன்றைக்கு எனக்கு என் கடையே பிடிக்கவில்லை.

லூசியனுக்குக் காரணத்தைச் சொல்லியிருக்கிறாள். கிழவர் நாயைப் பற்றி விவாதம் பண்ணப் பிறந்தவர், ஆனால் இதைக் கேட்டபிறகு விவாதம் பண்ணவில்லை. பிரெத்தோன் என்று ஒரு இனம் இருக்கிறது, பறவையை மோப்பம் பிடித்து நின்று காட்டும் நாய்களில் ஆகச் சிறியது, பதினைந்து கிலோவுக்கு மேலே போகாமல் வைத்திருக்கலாம், உன் அறையிலும் இருக்கும் என்றார். அவரே ஒரு சிநேகிதரிடம் குட்டி எடுத்துக் கொடுத்தார். வெள்ளையில் செம்மஞ்சள் திட்டு, வால் என்று சொல்ல ஒரு விரல் நீளம்.

இந்த நாட்டில் நல்ல இன நாய்க்குப் பெயர் வைக்கவும் ஒரு முறை இருக்கிறது. ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு எழுத்து, அந்த வருடம் பிறந்த குட்டிகளுக்கெல்லாம் அந்த எழுத்தில்தான் பெயர் தொடங்கவேண்டும். அந்த வருடம் ‘ல’ ஓசைக்குரிய எழுத்து. லூசியன் பிரபுக்கள் பெயராகப் பத்துச் சொன்னாராம். கோசலை அதில் ஒன்றைக் காகிதத்துக்கு விட்டுவிட்டு, குட்டியின் நிறத்தைப் பார்த்துக் கச்சான் என்று வைத்தாள். கச்சான் என்றால் எங்கள் ஊரில் நிலக்கடலை. வறுத்த கச்சான் நிறம்தான், தப்பில்லை. பிக்கார்டிக் கிராமத்துக் கிழவர்கள் இன்றைக்கும் அந்தப் பெயரை ஏதோ பழைய பிரெஞ்சுக் குடும்பப் பெயர் மாதிரி மரியாதையோடுதான் கூப்பிடுகிறார்கள்.

தெரு சிரித்தது. பூனையை வாங்கப் போய் மாறி எடுத்துவிட்டாளோ என்றான் ஐங்கரன். நாங்கள் சிரித்த சிரிப்புக்கு வலுச்சேர்ப்பதுபோல் முதல் வேட்டையும் அமைந்தது. அதை லூசியனே என் கடைக்கு வந்து நடித்துக் காட்டினார். பீற்றூட் வயலின் ஓரத்தில் கச்சான் மூக்கை நீட்டி, முன்காலொன்றைத் தூக்கியபடி, சிலையாக நின்றிருக்கிறது. இங்கே பறவை நாய் என்றால் அதுதான் வேலை. புல்லுக்குள் கௌதாரி பதுங்கியிருக்கிறது, நான் நிற்கிறேன், நீ மெதுவாக வா என்று அர்த்தம். வன்னியில் நாய் துரத்தும், பாயும், கடிக்கும். ஓடிக்கொண்டிருந்த நாய் திடீரென்று அசையாமல் நின்றால் அங்கே ஒரே அர்த்தம்தான், முன்னால் பாம்பு. கோசலை யோசிக்கவேயில்லை. துவக்கைத் திறந்து புல்லில் கிடத்திவிட்டு, ஒரே பாய்ச்சலில் போய் நாயை வாரித் தோளில் போட்டுக்கொண்டு வரப்புவரை ஓடிவந்துவிட்டாள். அவள் காலடியிலிருந்து ஒரு கூட்டம் கௌதாரி எழும்பி அடுத்த கிராமத்துக்குப் போனது. லூசியன் வயலில் உட்கார்ந்து கண்ணீர் வரச் சிரித்தாராம்.

சிரிப்பு அத்தோடு முடிந்தது. நாய் அதைப் பாடமாக எடுத்துக்கொண்டது. மோப்பம் கிடைத்து நின்றதும் தலையைத் திருப்பிக் கோசலையைப் பார்க்கும், வந்து தூக்கு என்று. தூக்காவிட்டால் தானே ஓடிவந்து காலில் ஏறும். பறவை போய்விடும். நல்ல நாயைக் கெடுத்துவிட்டாய் என்றார் லூசியன். நாயில் பிழையில்லை, அது நிற்கும்போது உன்னால் நிற்க முடியவில்லை, அதுதான் பிழை என்றும் சொன்னார். தூக்குவதற்காகவே தேடி எடுத்த நாயைத் தூக்காமல் நிற்கவேண்டும். அவள் அந்தக் குளிர்காலம் முழுக்க ஞாயிறு தவறாமல் போய் அதைப் பழகினாள். சுடுவதற்கில்லை, நாய் நிற்கும்போது பக்கத்தில் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதற்கு. திங்கட்கிழமை கடைக்கு வந்து, நேற்று மூன்று தடவை நின்றது அண்ணை, நான் தொடவில்லை என்று பள்ளிக்கூடப் பிள்ளை புள்ளி சொல்வதுபோல் சொல்லுவாள். எனக்கு அவளைக் கும்பிடவேண்டும்போல் இருக்கும். எனக்கு ஒரு சுருட்டை விடவே முடியாமல் இருபது வருடம்.

அடுத்த பருவத்தில் கச்சான் தன் வேலையைக் காட்டியது. பெரிய நாய்கள் ஒரு வயல் தள்ளி முன்னால் ஓடி, துவக்கெட்டாத தூரத்தில் பறவையைக் கிளப்பிவிடும். இது கண்ணுக்கெட்டிய தூரத்திலேயே வளைந்து வளைந்து தேடும். பெரியவை மூக்கை நுழைத்துவிட்டுத் திரும்பும் முட்பற்றைக்குள் இது வயிற்றால் ஊர்ந்து போய்விடும். பொழுது சாயும்போது மற்ற நாய்கள் வானில் ஏறக் காத்துப் படுத்துக்கிடக்கும், இது இன்னொரு வயல் கேட்கும். வேட்டை முடிந்தால் ரயிலில் ஆசனத்துக்குக் கீழே சுருண்டு படுத்து பாரிஸ் வந்து சேரும். இரண்டு வருடத்தில் லூசியன் தானும் ஒரு பிரெத்தோன் குட்டி வாங்கினார். ஐங்கரனிடம் அதைச் சொன்னேன். அவன் தொலைபேசியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

சனிக்கிழமைகளில் கோசலை நாயைக் கொண்டுவந்து என் மூட்டைத் தராசில் ஏற்றுவாள். சாப்பாட்டுக் கடையில் நாய் என்று நான் வாய் ஓயாமல் திட்டுவேன், ஆனாலும் தராசைத் துடைத்து வைப்பேன். பதினைந்தைத் தாண்டி முள் அசைந்தால் எங்கள் எல்லோருக்கும் திட்டு விழும். ரொட்டித் துண்டு போட்டது யார், ரோல்ஸ் கொடுத்தது யார் என்று விசாரணை நடக்கும். போட்டது பெரும்பாலும் என் மனைவி பூரணி. அவளைக் காட்டிக்கொடுக்க எனக்கு என்ன தலையெழுத்தா, வாயை மூடிக்கொண்டிருப்பேன்.

ஒரேயொரு ஆள் மட்டும் அந்த நாயைத் தொடுவதில்லை. கஜந்தினி. ஒரே அறையில் படுக்கிறார்கள், சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவைப்பாள், கதவைத் திறந்துவிடுவாள், கை வைக்கமாட்டாள். தாயோடு பேசும்போது உன் நாய் என்று பிரெஞ்சில் சொல்லுவாள். தமிழில் கேட்டதற்குப் பிரெஞ்சில்தான் பதில். பதினைந்து வயதில் இறைச்சியையும் விட்டுவிட்டாள். எல்லாப் பிள்ளைகளும் இந்த வயதில் இப்படித்தான் என்று பூரணி சொன்னாள். எனக்கு அந்தச் செவ்வாய்க்கிழமை நினைவிருந்தது. ஒருநாள் தனியே பால் வாங்க வந்தபோது, ஏன் பிள்ளை நாயோடு கோபம் என்று கேட்டேன். நான் மட்டும் இல்லாவிட்டால் அம்மா மற்ற நாயைக் கொண்டுவந்திருப்பா என்று பிரெஞ்சில் சொன்னாள். அப்படியில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். பாலை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். தாய்க்கு இது தெரியாது. நானும் சொல்லவில்லை, பிள்ளை சொல்லவேண்டியதை நான் சொன்னால் அது என் வாயின் கதையாகிவிடும்.

2020இல் சந்தையில் பெட்டி தூக்கிக் கோசலையின் முதுகுத்தட்டு விலகியது. சத்திரசிகிச்சை. பாரம் தூக்கவே கூடாது என்று வைத்தியர் கண்டிப்பாகச் சொன்னார். அவள் கேட்ட ஒரே கேள்வி, பதினைந்து கிலோ பாரமா என்பது. வைத்தியர் ஐந்து கிலோவே பாரம் என்றார். அதைக் கடையில் வந்து சொன்னபோது இருந்த முகத்தை நான் மறக்கமாட்டேன். நாயைத் தன் பண்ணையில் விடச்சொல்லி லூசியன் கேட்டார். புல்வெளி, தோட்டம், கூட இன்னொரு பிரெத்தோன். கேட்டது நல்ல மனத்தோடுதான். இல்லை என்றாள். கச்சான் தன் காலாலேயே ஐந்து மாடியும் ஏறிக்கொண்டிருந்தது, வேட்டைக்கும் போனார்கள், ஆனால் அவளுக்குப் பயம் வந்துவிட்டது. ஒரு அவசரம் வந்தால் என்ன செய்வேன் அண்ணை என்று சனிக்கிழமை தராசடியில் நின்று கேட்பாள். பாரிஸில் என்ன அவசரம் வரப்போகிறது என்று நான் சொல்லிவைத்தேன்.

2021 கார்த்திகையில் ஒரு ஞாயிறு ரயில் ஓடவில்லை. என் வானில் கூட்டிக்கொண்டு போகச் சொன்னாள். புறப்படும்போது கஜந்தினியும் வந்து ஏறினாள். அம்மா எதையும் தூக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அதற்காகத்தான் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாள். அப்போது அவளுக்குப் பதினேழு. நான் கடைச் சப்பாத்தோடு போயிருந்தேன். பிக்கார்டிச் சேற்றில் அரை மணி நேரத்தில் அது சப்பாத்து என்று அடையாளம் தெரியவில்லை. வேட்டையை அன்றுதான் நேரில் பார்த்தேன். கச்சான் நாணல் ஓரத்தில் நின்றது. கோசலை பக்கத்தில் போய் நின்றாள், தொடவில்லை. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஃபெசான் எழும்பியது, அவள் சுட்டாள், பறவை பழைய குளமொன்றின் நடுவே நாணலுக்குள் விழுந்தது. கச்சான் எடுத்துவரப் பாய்ந்தது.

தண்ணீர் வற்றிய குளம், மேலே நாலு விரல் தண்ணீர், கீழே ஆழமான கறுப்புச் சேறு. நாய் பறவையைக் கவ்விக்கொண்டு திரும்பும் வழியில் பின்பக்கம் இறங்கிவிட்டது. துள்ளத் துள்ள இன்னும் இறங்கியது. பிறகு துள்ளுவதை விட்டு எங்களைப் பார்த்தது. லூசியன் கயிறு எடுக்க வானுக்கு ஓடினார். கோசலை துவக்கின் தோட்டாவைக் கழற்றி, மடித்துக் கரையில் வைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டாள். அம்மா என்று கஜந்தினி கூப்பிட்டதும் நான் முதுகு முதுகு என்று கத்தியதும் அவளுக்குக் கேட்டதோ இல்லையோ. நாணல் வேர்களை மிதித்து மிதித்து நாயிடம் போய், அதை இழுத்தெடுத்து நெஞ்சோடு அணைத்தாள். இரண்டு பாரமும் சேர்ந்ததும் அவள் தொடைவரை இறங்கிவிட்டாள். ஒரு கால்கூட எடுக்க முடியவில்லை.

லூசியன் கயிற்றை எறிந்தார். அது அவள் கைக்கெட்டும் தூரத்தில்தான் விழுந்தது. பிடிப்பதற்குக் கை வேண்டுமே. நாயை விடு, முதலில் நீ வா, பிறகு நாயை எடுப்போம் என்று கிழவர் கத்தினார். அவர் சொன்னது சரி. எவரும் அதைத்தான் சொல்லுவார்கள். கோசலை தலையை ஆட்டினாள். வலியில் அவள் முகம் வெளுத்துக்கொண்டு வந்தது. நாயை இன்னும் மேலே ஏற்றிப் பிடித்தாள். அது வாயிலிருந்த பறவையை விடவில்லை, அவள் அதை விடவில்லை. அந்த இடத்தில் அவள் விழுந்தால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

கஜந்தினி கயிற்றை இழுத்தெடுத்துத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டு மறுமுனையை எங்களிடம் விட்டுவிட்டு இறங்கினாள். தடுக்க நேரமில்லை. மெலிந்த பிள்ளை, தாயைவிட லேசு, சேறு அவளை முழங்காலோடு விட்டது. தாயிடம் போய்க் கையை நீட்டினாள். கோசலை கொடுக்கவில்லை. நாயை இறுக்கிப் பிடித்தபடி, நீ போ, நீ போ என்றாள். அப்போதுதான் அந்தப் பிள்ளை தமிழில் பேசினாள். குளம் அமைதியாக இருந்ததால் கரையில் எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"நான் பாரமெண்டுதானே அம்மா அண்டைக்கு அந்த நாயை விட்டனீங்கள். இதை நான் கொண்டு போறன். என்னட்டைத் தாங்கோ."

கோசலை மகளைப் பார்த்தாள். இத்தனை வருடம் ஒரே அறையில் இருந்தும் அவளுக்கு இது தெரியாமல் போயிருக்கிறது.

"நீ எனக்கு ஒருநாளும் பாரமில்லை. நாயைத் தூக்கேலாமல்தான் விட்டனான். உன்னை இறக்கிறதெண்டு ஒரு நினைப்பே வரேல்லை."

"தெரியும். இப்ப தாங்கோ."

கொடுத்தாள். கஜந்தினி நாயைத் தோளில் போட்டு ஒரு கையால் அதன் கால்களைப் பிடித்துக்கொண்டாள். ஆறு வருடம் கை வைக்காத நாய். நானும் லூசியனும் இழுக்க இழுக்க, தடுமாறித் தடுமாறிக் கரையேறினாள். இடுப்புக் கயிற்றை அவிழ்த்து லூசியன் திரும்ப எறிந்தார். கோசலை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டாள். அவளை வெளியே எடுத்தபோது எனக்குக் கை இரண்டும் உரிந்திருந்தது. அழுதுகொண்டிருந்தேன் என்பது லூசியன் கைக்குட்டை நீட்டியபோதுதான் தெரிந்தது. கரையில் கச்சான் பறவையைக் கொண்டுபோய் வழக்கம்போல் கோசலையின் காலடியில் வைத்துவிட்டு உடம்பை உதறி எங்கள் எல்லோர் முகத்திலும் சேறு அடித்தது.

இருட்டிய பிறகு பாரிஸ் திரும்பினோம். மார்க்ஸ் டோர்மோயில் வானை நிறுத்தினேன். நாய் களைத்துப் படுத்திருந்தது. கோசலை பழக்கத்தில் குனிந்தாள். அதற்குள் கஜந்தினி அதைத் தூக்கிவிட்டாள். வேட்டைப் பையையும் தானே எடுத்து மற்றத் தோளில் போட்டுக்கொண்டாள். படி ஏறத் தொடங்கினாள், இடையில் நின்று இளைப்பாறினாள், இறக்கிவிடு, நடக்கும் என்று தாய் சொன்னபோது தேவையில்லை என்று தமிழிலேயே பதில் சொன்னாள். கோசலை பின்னால் ஏறிக்கொண்டிருந்தாள். பிடிக்க ஒன்றும் இல்லாத தன் கைகளை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. ஒன்றை நெஞ்சில் வைத்தாள், பிறகு எடுத்தாள், கடைசியில் இரண்டையும் தொங்கவிட்டுக்கொண்டு மகளுக்குப் பின்னால் மெதுவாக ஏறிப் போனாள்.